சூடான பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது: ஒரு 1/5 ரிமோட் காரைக் கட்டியபோது

ரிமோட் கார் என்றதும், பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துப் பேட்டரி தீர்ந்தவுடன் பரணில் ஏற்றிவிடும் பொருள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1/5 அளவுக் கார் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. உண்மையான பந்தய வண்டியின் ஐந்தில் ஒரு பங்கு நீளமுடைய இந்த வகையில், ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமும் பத்துக் கிலோவை ஒட்டிய எடையும் சாதாரணம். பரவலாக ஓட்டப்படும் 1/10 காரைவிட நீளத்தில் இரண்டு மடங்குதானே என்று தோன்றலாம். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து இரட்டிப்பதால் எடை எட்டு மடங்கை நோக்கி ஏறிவிடுகிறது. பத்துக் கிலோ எடை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,400 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலைப்போல் பதினொரு மடங்குக்கும் மேல். சின்னக் காரில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் நனைந்து போனால் அது செலவு. இந்தக் காரில் யாருடைய கணுக்காலோ முறியும். ஆகவே நீர்ப்பாதுகாப்பைப் பற்றிப் பேசுமுன், சிக்னல் அறுந்தவுடன் ஆக்ஸிலேட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் ஃபெயில்சேஃப் அமைப்பு வேலை செய்கிறதா என்பதைச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, ரிமோட்டை அணைத்துச் சோதித்துவிட வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் கட்டிய வண்டி ஹெச்பிஐ நிறுவனத்தின் பாஹா 5பி என்னும் பாலைவனப் பந்தய பக்கியின் அமைப்பைக் கொண்டது. பின்சக்கர இயக்கம், அலுமினியத் தகட்டுச் சேசிஸ், 24 மில்லிமீட்டர் அறுகோண முனை கொண்ட சக்கர அச்சு, பின்பாதியில் ஒற்றைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் என்பது அதன் மூல வடிவம். ரோவான், கிங் மோட்டார் ஆகிய சீன நிறுவனங்கள் இதே அளவுகளில் உதிரிபாகங்களைத் தயாரித்து விற்பதால், உடைந்த பாகத்துக்காகக் காத்துக் கிடக்கும் தொல்லை குறைவு. எஞ்சின் கழற்றப்பட்ட பழைய வண்டி ஒன்று கோயம்புத்தூரில் நியாயமான விலைக்குக் கிடைத்ததால், அதை மின்சார வண்டியாக மாற்றி, பொள்ளாச்சிப் பக்கம் நண்பரின் தென்னந்தோப்பில், மழைக்காலத்திலும் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். தோப்பில் வாய்க்கால் உண்டு, மடை உண்டு, ஒரு மூலையில் கரிசலும் மற்றப் பக்கங்களில் செம்மண்ணும் உண்டு. ஓட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

பெட்ரோல் எஞ்சினை ஏன் தவிர்த்தேன் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எஞ்சின்களின் ஒலியும் புகையும் எனக்குப் பிடிக்கும். 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்து ஊற்றும் சடங்கும் பிடிக்கும். ஆனால் அவை காற்றை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கின்றன. ஏர் ஃபில்டர் வழியே ஒரு மடக்குத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், மேலே வரும் பிஸ்டனால் காற்றைப்போல் தண்ணீரைச் சுருக்க முடியாது. அந்த நொடியில் கனெக்டிங் ராடு வளையும், அல்லது உடையும். ஃபில்டரைக் குழாய் வைத்து உயர்த்துவார்கள். அது ஓரளவு ஆழமான நீருக்கு உதவும், வண்டி குப்புறக் கவிழ்ந்தால் உதவாது. 1/5 வண்டி கவிழாமல் ஓடுவது அபூர்வம்.

மின்சார மாற்றத்துக்கு 8எஸ் அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு செல் கொண்ட இரண்டு லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளைத் தொடரிணைப்பில் சேர்த்தால் பெயரளவில் 29.6 வோல்ட்டும், முழுச் சார்ஜில் 33.6 வோல்ட்டும் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் விட்டமும் 118 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 800 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், அதாவது ஒரு வோல்ட்டுக்கு 800 சுற்று என்ற கணக்கில், சுமையின்றி நிமிடத்துக்கு 26,000 சுற்றுக்கு மேல் போகும். இந்த அளவு மோட்டாரைப் பழைய எஞ்சினின் இடத்தில் பொருத்த, பத்து மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ஒரு தாங்கியைக் கோவை கணபதிப் பகுதியிலுள்ள ஒரு லேத் பட்டறையில் வெட்டிக்கொண்டேன். கோவையில் இதற்கெல்லாம் பஞ்சமில்லை. வரைபடத்தைச் சரியாகப் போட்டுக் கொடுத்தால் போதும், மாலைக்குள் கையில் கிடைத்துவிடும்.

கட்டும் வேலையில் அதிகம் சொல்வதற்கு இல்லை. உலோகத்தில் ஏறும் ஒவ்வொரு திருகுக்கும், அதிர்வில் கழலாமல் பிடித்துக்கொள்ளும் நீல நிற லாக்டைட் திரவம் போட வேண்டும். அதே திரவம் பாலிகார்பனேட் மீது பட்டால் அதை விரிசல்விடச் செய்யும் என்பதால், பாடியின் பக்கம் கொண்டு போகக்கூடாது. மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியனுக்கும், அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு இறுக்கி, பின்பு காகிதத்தை உருவி எடுத்தால் பல்லிடைவெளி சரியாக அமைந்துவிடும். சஸ்பென்ஷன் கைகள் நைலானால் ஆனவை. புதிதாகப் பிரித்த நைலான், ஈரப்பதம் இல்லாமல் மொறுமொறுப்பாக இருக்கும். கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் நீரை உறிஞ்சி நெகிழ்வடைந்து, கல்லில் மோதும்போது உடைவதற்குப் பதிலாக வளைந்து கொடுக்கும். கைகளுக்கு வரமாக அமையும் இந்தக் குணமே, நைலானில் பெட்டி செய்தால் சாபமாகிவிடும். நீரை உறிஞ்சும்போது அதன் அளவும் மாறும், மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளமும் மாறும். ரிசீவர் பெட்டியை, நீரை அதிகம் உறிஞ்சாத டெல்ரின் பிளாஸ்டிக்கில் கடைந்ததற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். ரேடியோ பாகங்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து மூடுவது புதிய யோசனையன்று. ஜப்பானின் தமியா நிறுவனம் 1979-இல் வெளியிட்ட ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற 1/10 பக்கிகளிலேயே ரிசீவரும், ஸ்டீரிங் போன்றவற்றைத் திருப்பும் சிறு மோட்டார்களான சர்வோக்களும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தன. கம்பிகள் வெளிவரும் இடத்தில் ரப்பர் உறைகள் இருந்தன. அந்தக் காலத்து ரேடியோக்களும் அவற்றின் பேட்டரிகளும் இன்றைய வண்டிகளைப்போல் சூடேறியவை அல்ல; மோட்டாரும் மெலிது. இன்றைய வண்டியில் பெட்டியின் சிக்கல் வேறு விதமானது.

பெட்டி வெயிலில் நிற்கிறது, கறுப்பு நிறம், கீழேயுள்ள அலுமினியத் தகடு மோட்டாரின் சூட்டையும் வாங்கிக் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் காற்று 65 டிகிரியை எட்டி, அதன் அழுத்தம் வெளிக்காற்றோடு சமமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வாய்க்காலில் இறங்குகிறது. நீரின் வெப்பம் 25 டிகிரி. மூடிய பெட்டிக்குள் காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையின் விகிதத்தில் குறையும்: 338-இலிருந்து 298-க்கு, அதாவது கிட்டத்தட்ட 12 சதவீதம். வளிமண்டல அழுத்தத்தில் 12 சதவீதம் என்பது 1.2 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்துக்குச் சமம். வண்டி இறங்கியதோ பத்து சென்டிமீட்டர் ஆழத்தில். ஆனால் பெட்டியின் ஓ-ரிங்கைப் பொறுத்தவரை அது ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் மூழ்கியிருக்கிறது. அதுவும் வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தவில்லை, உள்ளிருந்து பெட்டியே உறிஞ்சுகிறது.

அட்டைப்பெட்டிகளில் பெருமையாக அச்சிடப்படும் ஐபி67 என்ற தரம் எதைச் சொல்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதிலுள்ள 7 என்ற எண், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருப்பதைக் குறிக்கிறது. அந்தச் சோதனையின் விதிப்படி, தண்ணீரின் வெப்பநிலைக்கும் பொருளின் வெப்பநிலைக்கும் 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. சூடான பொருளைக் குளிர்ந்த நீரில் போடும் சோதனை அதில் இல்லவே இல்லை. ஐபி67 என்று எழுதிய சர்வோ, நண்பகலில் பாத்தி நீரில் இறங்கியதும் உள்ளே நனைந்து போவதில் ஏமாற்று எதுவுமில்லை. அதைச் சோதித்தவர்கள் வேறு கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

கோவையில் இதை எனக்குப் புரிய வைத்தவர், இருபது முப்பது வருடமாக சப்மெர்சிபிள் மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டும் ஒரு பெரியவர். ஓ-ரிங் வாங்கப் போன இடத்தில் அறிமுகமானவர். என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ளார தண்ணி போறதைப் பத்திக் கவலைப்படறீங்க. உள்ளார காத்து எதுக்குங்க நிக்குது? அதை மொதல்ல பாருங்க" என்றார்.

அவர் வேலை செய்யும் மோட்டார்களைப் பற்றி யோசித்தால் அந்தச் சொல்லின் கனம் தெரியும். ஆழ்துளைக் கிணற்றில் நூறு மீட்டருக்கும் கீழே தொங்கும் மோட்டாரைக் காற்று நிரப்பி மூடி இறக்குவதில்லை. நம் ஊரில் அதிகம் புழங்கும் வகையில், மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீரையே நிரப்பிவிடுகிறார்கள். வைண்டிங் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கும் நீரே பேரிங்குக்கு மசகாகவும், சூட்டைக் கடத்தவும் உதவுகிறது. இன்னொரு வகையில் எண்ணெய் நிரப்புகிறார்கள். ஓடும்போது சூடேறி அந்த நீரும் விரியும் அல்லவா? அதற்கு மோட்டாரின் அடியில் ஒரு ரப்பர் டயஃப்ரம் உண்டு. விரிந்தால் வெளியே உப்பும், குளிர்ந்தால் உள்ளே ஒடுங்கும். உள்ளும் புறமும் அழுத்தம் எப்போதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், சீலின் மீது சுமை விழுவதே இல்லை. உறிஞ்சுவது காற்றின் குணம். காற்றில்லாத இடத்தில் உறிஞ்சலும் இல்லை.

அதன் பிறகு வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். எங்கே காற்றை ஒழிக்க முடியும், எங்கே அதற்கு வழிவிட வேண்டும், எங்கே தண்ணீரைத் தாராளமாக உள்ளே விட்டு வெளியேற்றலாம் என்ற மூன்று கேள்விகள் மட்டுமே மிஞ்சின.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இஎஸ்சியில் காற்றை நிறுவனமே ஒழித்துவிடுகிறது. நீர்ப்புகாது என்று விற்கப்படும் பெரிய இஎஸ்சிகளின் உட்பகுதி பிசினால் நிரப்பப்பட்டிருக்கும். வெறும் காற்றுப்பெட்டிக்குள் சர்க்யூட்டை வைத்து, மூடியின் விளிம்பில் மட்டும் சிலிகான் இழுத்திருக்கும் மலிவு வகைகளை நான் நம்புவதில்லை. பிசின் நிரப்பிய இஎஸ்சியிலும் மின்விசிறி நீரில் சுழன்று திணறும், சுவிட்சின் வாய் திறந்திருக்கும், தடித்த கம்பிகளின் சால்டர் முனை வெளியே தெரியும்; அந்த முனைகளுக்கு ஒட்டுப்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடாக்கிச் சுருக்கினால் போதும்.

சர்வோவில் ஆழ்கடல் ரோபோ செய்யும் ஆர்வலர்களின் பழைய உத்தி ஒன்று உண்டு: உறையைத் திறந்து, உள்ளே மினரல் ஆயிலை நிரப்பி மூடிவிடுவார்கள். பம்புசெட் மோட்டாரின் தத்துவமேதான். ஆனால் எண்ணெய் மோட்டாரின் சுழற்சியைச் சற்று இழுத்துப் பிடிக்கும். ஸ்டீரிங் சர்வோ ஒரு நொடிக்குள் பலமுறை திரும்ப வேண்டிய பக்கியில் அந்தச் சோம்பல் கையில் தெரியும். ஆகவே நான் பாதி வழிதான் போனேன். சர்வோவின் கியர் அறையைக் கடல்சார் கிரீஸால் நிறைத்து, வெளித்தண்டின் கீழ் ஒரு ஓ-ரிங் போட்டு, சர்க்யூட் பலகைக்கு மேல்பூச்சுக் கொடுத்தேன். காற்று முழுதும் போகவில்லை. மிஞ்சிய இடம் கொஞ்சம், ஆகவே உறிஞ்சுவதும் கொஞ்சம்.

ரிசீவர் பெட்டியில் காற்று இருந்தே தீரும். பழுதானால் திறக்க வேண்டும், பிளக்குகளைக் கழற்ற வேண்டும்; அதைப் பிசினால் நிரப்ப முடியாது. அங்கே இரண்டு வேலை: சீல் நன்றாக இருக்க வேண்டும், அழுத்தம் சமனாக வேண்டும். ஓ-ரிங் வைப்பதில் பலர் நினைப்பது, எவ்வளவு அழுத்தினால் அவ்வளவு நல்லது என்று. ரப்பர் வடிவம் மாறுமே தவிர அதன் கன அளவு சுருங்காது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓ-ரிங்குக்கு 1.5 மில்லிமீட்டர் ஆழமும், பக்கவாட்டில் பிதுங்கி உட்கார 2.7 மில்லிமீட்டர் போல அகலமும் கொண்ட பள்ளம் வேண்டும். இடம் கொடுக்காமல் இறுக்கினால் ரப்பர் மூடியையே தூக்கி வளைத்துவிடும். ரப்பரின் வகையும் முக்கியம். சிலிகான் ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் தடவினால் அது ஊறி உப்பும். நைட்ரைல் ரப்பருக்கு அந்தக் கிரீஸ் ஒன்றும் செய்யாது. கடையில் "கறுப்பு நைட்ரைல்" என்று கேட்டு வாங்குவது நல்லது. செந்நிறச் சிலிகான் பார்வைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

மூடியைவிட வயர் வெளிவரும் துளைதான் பெரும்பாலும் வில்லன். வயரைச் சுற்றி எவ்வளவு நன்றாக அடைத்தாலும், வயருக்கு உள்ளேயே ஒரு பாதை இருக்கிறது. சர்வோ வயர் என்பது மெல்லிய செம்பிழைகளின் கட்டு. இழைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் தண்ணீர் நுண்துளை ஈர்ப்பால் ஏறி, ரப்பர் உறைக்குள்ளாகவே பயணம் செய்து, பெட்டிக்குள் பிளக்கின் நுனியில் வெளிவரும். உறிஞ்சலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெட்டியின் சுவரைக் கடக்கும் இடத்தில் வயரின் உறையைப் பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு நீக்கி, செம்பிழைகள் முழுதும் ஊறும்படி ஈயம் ஏற்றி, அந்தப் பகுதியை எபாக்ஸிக்குள் புதைத்தால் அந்தப் பாதை அடைபடும். மோட்டார்க்காரர் கேபிள் ஜாயிண்ட்டில் செய்வதும் ஏறத்தாழ இதுதான். சிலிகான் பசை பயன்படுத்துகிறவர்கள், பிழியும்போது வினிகர் வாசனை அடிக்கும் வகையை மின்பாகங்களின் அருகே கொண்டுவரக்கூடாது. உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருப்பதுதான் வேண்டும்.

அழுத்தத்தைச் சமன்படுத்த, காரின் ஹெட்லைட்டிலும் கைப்பேசியிலும் பயன்படும் டெஃப்ளான் சவ்வு வென்ட் ஒன்றைப் பொருத்தினேன். அதன் நுண்துளைகள் காற்றை விடும், தண்ணீரைத் தடுக்கும். இதைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டினால் பயன் பாதிதான். பெட்டி மூழ்கியிருக்கும்போது சவ்வின் வெளிப்புறத்தில் தண்ணீர்தான் இருக்கும், உள்ளே இழுக்கக் காற்று ஏது? ஜீப்புகளின் அச்சுப்பெட்டியிலிருந்து மேலே இழுத்துக் கட்டியிருக்கும் மூச்சுக்குழாயைப்போல், பெட்டியிலிருந்து மெல்லிய சிலிகான் குழாயை, வண்டி கவிழ்ந்தால் காக்கும் கூடான ரோல் கேஜின் உச்சிவரை கொண்டுபோய், சவ்வை அங்கே வைத்தேன். வண்டி வாய்க்காலில் சக்கரம் மூழ்க ஓடும்போதும் அந்த முனை காற்றில் நிற்கும். கவிழ்ந்தால் மட்டுமே ஓ-ரிங்கின் பலத்தை நம்ப வேண்டும்.

அந்தப் பலத்தைச் சோதிக்க மருந்துக்கடையில் வாங்கிய 20 மில்லி சிரிஞ்சே போதும். பெட்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 150 மில்லி. வென்ட் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் சிரிஞ்சைச் செருகி, பிஸ்டனை 20 வரை இழுத்தால் 150 மில்லி காற்று 170 மில்லி இடத்தில் பரவும். அழுத்தம் 12 சதவீதம் குறையும். 65 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குத் தடாலென்று குளிர்ந்தால் ஏற்படும் அதே குறைவு. சூடாக்கவோ, தண்ணீரில் போடவோ தேவையில்லாமல், மேசையின் மீதே வாய்க்காலை உருவாக்கிவிடலாம். இழுத்த நிலையில் கால் மணி நேரம் கட்டி வைத்துவிட்டுக் கையை எடுத்தால், சீல் நல்லதாயின் பிஸ்டன் சுள்ளென்று பழைய கோட்டுக்கே திரும்பும், உராய்வுக்காக ஒரு மில்லி விட்டுவிடலாம். பத்தில் நின்றால் பத்து மில்லி காற்று எங்கோ உள்ளே நுழைந்திருக்கிறது. காற்று நுழைந்த வழி தண்ணீருக்கும் வழிதான். எந்த இடம் என்று கண்டுபிடிக்க, பிஸ்டனை மறுபக்கம் அழுத்திப் பெட்டியின் மீது சோப்புநீரைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். என் பெட்டியில் மூடி விளிம்பு முழுவதும் அமைதியாக இருக்க, ஆன்டெனா வெளிவரும் துளையில் மட்டும் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. ஆன்டெனாவின் உறை வழுக்கும் டெஃப்ளான். எபாக்ஸி அதை ஒட்டுவதே இல்லை. அங்கே சிறிய ரப்பர் குரோமெட்டை வைத்து, அதை அமுக்கிப் பிடிக்கும் ஒரு நட்டை வைத்தபின்தான் பிஸ்டன் கோட்டுக்குத் திரும்பியது.

ஆன்டெனாவைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், ஆன்டெனாவின் நுனியில் உறை உரிக்கப்பட்டுத் தெரியும் 31 மில்லிமீட்டர் துண்டு, அதில் கால் பங்கு. அந்தத் துண்டுதான் வேலை செய்கிறது. தண்ணீர் இந்த அலைவரிசையை நன்றாக விழுங்கும் என்பதால், பெட்டி எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் அந்த முனை நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். அதையும் மூச்சுக்குழாயோடு சேர்த்து உச்சிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பெட்டிக்குள் இருக்கும் ரிசீவருக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் எனப்படும் மேல்பூச்சு கொடுத்தேன், இரண்டாவது அரண். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பலகையை நன்கு கழுவி, உலர்த்தி, பிளக்கின் ஊசிகளையும், ரிமோட்டோடு இணைக்க அழுத்தும் பைண்ட் பொத்தானையும் கேப்டான் டேப்பால் மறைத்து, மெல்லிய அக்ரிலிக் பூச்சை இரண்டு மூன்று முறை பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் குமிழி நிற்கும். திரவம் கூர்மையான முனைகளைவிட்டு விலகி ஓடும் இயல்புடையது. ஐசி கால்களின் விளிம்பில்தான் பூச்சு மிக மெலிதாக இருக்கும், அரிப்பும் அங்கேதான் தொடங்கும். நல்ல பூச்சுகளில் புறஊதா ஒளியில் ஒளிரும் சாயம் கலந்திருப்பார்கள். கரன்சி நோட்டைச் சோதிக்கும் சின்ன விளக்கைக் காட்டினால், பூசிய இடம் நீலமாக மின்னும், விட்டுப்போன இடம் இருட்டாகத் தெரியும்.

மோட்டார் விஷயத்தில் நான் தண்ணீரைத் தடுக்க முயலவே இல்லை. பிரஷ்லெஸ் மோட்டாரின் சுருள் எனாமல் பூசியது, கரித்துண்டு கிடையாது, நன்னீரில் தாராளமாகச் சுழலும். சுழலும் நிலையை அறியும் ஹால் சென்சார் பலகை உள்ள வகையைத் தவிர்த்து, சென்சார் இல்லாததை வாங்கியதும் இதற்காகத்தான். அங்கே பாதிக்கப்படுவது பேரிங். இரும்பு மூடியிட்ட பேரிங்கில் தண்ணீர் எளிதில் போகும், எளிதில் வரும். ரப்பர் மூடியிட்டதில் போவது கடினம், ஆனால் போய்விட்டால் அங்கேயே குடியிருக்கும். சக்கர மையங்களில் ரப்பர் மூடியையும், மோட்டாரில் இரும்பு மூடியையும் வைத்திருக்கிறேன். மோட்டார் சூடாகும் பாகம் என்பதால், அங்கே ரப்பர் மூடியும் உறிஞ்சும் பெட்டியாகவே மாறிவிடும்.

டயர்களுக்கும் இதே நியாயம். உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்தால் ஒவ்வொரு சக்கரமும் கனத்து, சமநிலை கெட்டு, டிரைவ் ஷாஃப்டை முறுக்கித் தள்ளும். ரிம்மின் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, டயரின் நடுவரியில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகளைப் போட்டால், சக்கரம் சுழலும் வேகமே உள்ளே புகுந்த நீரை வெளியே எறிந்துவிடும்.

தண்ணீரைவிட மண்ணும் நாரும்தான் தோப்பில் அதிகத் தொல்லை கொடுத்தன. தென்னை நார் சக்கர அச்சில் சுற்றி, இறுகி, சீலின் உதட்டுக்குள் நுழைந்து அதை நூல்போல் அறுக்கும். ஓட்டி முடித்தவுடன் சக்கரத்தைக் கழற்றி, வளைந்த மூக்குள்ள இடுக்கியால் நாரை உருவுவது வழக்கமாகிவிட்டது. கரிசல் ஈரத்தில் டயரோடு ஒட்டி, காய்ந்ததும் கல்லாகும்; அதைக் காயவிடாமல் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் கார் வாஷ் குழாயைக் காட்டினால், வாய்க்கால் செய்யாத சேதத்தை அது சீல்களுக்குச் செய்துவிடும்; தோட்டத்துக் குழாயே போதும். கழுவிய பின் புளோயரால் ஊதி, திருகுத் தலைகளிலும் பேரிங்கிலும் டபிள்யூடி-40 அடித்தால் ஈரம் விலகும். அது மசகெண்ணெய்யைக் கரைத்தும் விடும் என்பதால், அரை மணி கழித்துப் பேரிங்குக்கு ஒரு சொட்டு ஆயில் விட வேண்டும். ரிசீவர் பெட்டிக்குள், நனைந்தால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சிறிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். கைப்பேசிக்குள் சர்வீஸ் ஆட்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பேட்டரியைப் பற்றி எச்சரிக்கை தேவை. நன்னீர் லைப்போவை உடனே ஒன்றும் செய்யாது, ஆனால் செல்களைத் தனித்தனியே சமன்செய்யும் பேலன்ஸ் பிளக் ஈரமாகி, அதன் நெருக்கமான ஊசிகளுக்கு நடுவே 16.8 வோல்ட் வரையிலான நேர்மின்னழுத்தம் நிற்கும்போது மின்பகுப்பு நடந்து, ஊசிகள் பச்சை பூத்துத் தேயும். பிளக்கின் வாயில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் அடைத்து, தொப்பி போட்டு, ஓட்டி முடித்ததும் பேட்டரியை வண்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் சேமித்து வைக்க வேண்டும். உறை உப்பிய பேட்டரியையோ, மோதலில் நசுங்கியதையோ மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோவதில்லை.

இவ்வளவு செய்த வண்டியைக் கடற்கரைக்கு எடுத்துவரச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். கடல்நீர் குழாய்நீரைவிடப் பல மடங்கு மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியச் சேசிஸில் எஃகுத் திருகு இறங்கியிருக்கும் ஒவ்வொரு துளையும் உப்புநீரில் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். திறந்துவிட்ட மோட்டாரில் நியோடைமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சு எங்கே கீறியிருக்கிறதோ அங்கே துரு புகும். என் ஏற்பாடு முழுவதும் தண்ணீரை உள்ளே விட்டு வெளியேற்றும் நம்பிக்கையில் நிற்கிறது. உப்பு வெளியேறாது, தங்கிவிடும். கடலுக்கென்று வேறு மோட்டார், வேறு திருகு, வேறு சேசிஸ் வேண்டும். அதற்கான பணம் இப்போது பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு ஒரு மூச்சுக்குழாய் வைப்பதில் போகிறது. சென்ற முறை திறந்தபோது அதன் கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தது.